தனித்தும் கூடியும்: தமிழ்க் கிறிஸ்தவர் ஜெப வாழ்வின் வரலாறு

நம் சங்கம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. ஆண்டு விழா மலரில் ஒரு சமயத்தாரின் வழிபாட்டைப் பற்றி எழுதப் புகும்போது, அது மற்றவர்க்கும் பயன்பட வேண்டுமென்று கருதுவது இயல்பே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கக் கற்ற வரலாறு அத்தகையது. அது 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் உரைநடை, தமிழ் அச்சு, தமிழ் இசை ஆகியவற்றின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. தாய்மொழி வழங்காத ஊரில் குடும்பத்தை நடத்தும் நமக்கு அதில் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் பல உள.

இறைவனை நோக்கி உள்ளத்தைத் திறக்கும் செயலுக்குத் தமிழில் வேண்டுதல், மன்றாட்டு, விண்ணப்பம், பிரார்த்தனை எனப் பல பெயர்கள் உண்டு. கத்தோலிக்கர் செபம் என்பர். சீர்திருத்த சபையார் ஜெபம் என்பர். வடமொழியில் ஜபம் என்பது திருநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதி உருவேற்றுதலைக் குறிக்கும். கிறிஸ்தவத் தமிழில் அச்சொல் பொருள் விரிந்து, இறைவனோடு பேசுதல், அவன் திருமுன் மௌனமாயிருத்தல், பிறர்க்காகப் பரிந்து வேண்டுதல் ஆகிய யாவற்றையும் குறிக்கலாயிற்று.

அறையும் அவையும்

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் இயேசுபிரான் ஜெபத்தைப் பற்றிக் கூறும் அறிவுரை வருகின்றது. பிறர் காணும்படி தெருமுனைகளில் நின்று ஜெபியாமல், அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு தனிமையில் ஜெபிக்குமாறு அவர் கற்பிக்கின்றார். அதனை அடுத்தே கிறிஸ்தவ உலகம் முழுவதும் வழங்கும் கர்த்தருடைய ஜெபமும் அமைந்திருக்கின்றது. தனியறையில் சொல்லும்படி கற்பித்த அந்த ஜெபத்தில் 'என்' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. தந்தையையும், உணவையும், மன்னிப்பையும் பற்றிய சொற்கள் எல்லாம் பன்மையிலேயே இருக்கின்றன.

தமிழில் இதன் நயம் இன்னும் தெளிவாகப் புலப்படும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய் நிற்பது நம் மொழியில் 'நம்' என்றும் 'எங்கள்' என்றும் இரண்டாகப் பிரியும். கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நம்'. கேட்பவர் நீங்கலாக நம்மவரை மட்டும் குறித்தால் 'எங்கள்'. கேட்பவன் இறைவன் ஆதலின் மொழிபெயர்ப்பாளர் 'எங்கள்' என்றே கொண்டனர். கதவை அடைத்துத் தனியே நிற்பவனும் 'எங்கள்' என்று தொடங்கும்போது, தன் வீட்டாரையும் அண்டை அயலாரையும் உடன் கொண்டே நிற்கின்றான். தனி ஜெபமும் கூட்டு ஜெபமும் ஒன்றையொன்று தாங்குவன என்னும் கருத்து இதனுள் அடங்கியிருக்கின்றது.

இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்ற வினா தொன்றுதொட்டே எழுந்தது. எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் தனித்துத் தவம் இயற்றிய வனத்து அந்தோனியார் 356-இல் மறைந்தார். (நம் ஊர்களில் 'கோடி அற்புதர்' எனப் போற்றப்படும் பதுவை அந்தோனியார் 13-ஆம் நூற்றாண்டினர், அவர் வேறு.) அதே நாட்டில் பக்கோமியுஸ் என்பார் துறவிகளை ஒரே மதிலுக்குள் சேர்த்து, குறித்த வேளையில் கூடி ஜெபிக்கவும், கைத்தொழில் செய்யவும் ஒழுங்கு வகுத்தார். சிறிது காலத்திற்குப் பின் வந்த பேராயர் பசிலியார், தனித்தே வாழ்பவன் யாருடைய பாதங்களைக் கழுவுவான் என்ற பொருள்பட வினவினார். தனிமையின் ஆழமும் கூட்டத்தின் பயிற்சியும் ஆகிய இரண்டும் வேண்டும் என்ற முடிவுக்கே பிற்காலத் துறவு மடங்கள் வந்தன.

முத்துக்குளித்துறையில்

தமிழ்நாட்டில் இவ்வரலாறு நமக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குவது முத்துக்குளித்துறையில். 1542-இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டே அக்கடற்கரைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவ மக்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தும், தம் மொழியில் ஒரு ஜெபமும் அறியாதிருந்தனர். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் துணைக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பிற மந்திரங்களையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டி ஓதுவித்தார். கற்ற சிறுவர்கள் வீட்டில் தாய் தந்தையர்க்கு ஆசிரியர் ஆயினர். நோயாளிகளின் இல்லங்களுக்கும் அவர் அச்சிறுவர்களையே அனுப்பி ஜெபிக்கச் செய்தார்.

அம்மொழிபெயர்ப்பில் பிழை இல்லாமற் போகவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்ற பொருள் வரவேண்டிய இடத்தில், 'வேண்டும்' என்னும் பொருள் தரும் சொல் புகுந்திருந்தது. 1544-இல் தம் உடன்பணியாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே அதைச் சுட்டித் திருத்தச் சொல்கின்றார். மொழி தெரியாமல் ஜெபம் கற்பிப்பதில் உள்ள இடர் இது. நம்பிக்கையைச் சொல்ல வந்தவன் வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் போகின்றான்!

இக்குறையைத் தீர்த்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்பெறும் என்ரிக் என்ரிக்கசு. அரை நூற்றாண்டுக் காலம் அக்கடற்கரையிலேயே வாழ்ந்து, தமிழை முறையாகக் கற்று, 1600-இல் மறைந்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூல், இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. தமிழ் அச்சுக்கலையின் தலைப்பேறு ஒரு ஜெபப் புத்தகம் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அரசாணைக்கோ வாணிகக் கணக்கிற்கோ அன்று. மீனவர் வீட்டில் மாலையில் ஓதும் மந்திரங்களுக்காகவே தமிழ் எழுத்து முதன்முதல் அச்சில் வார்க்கப்பட்டது.

தரங்கையும் தஞ்சையும்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சாகி முடிந்தது. அவரும் அவர் வழி வந்தோரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி அதே மெட்டுகளில் பாடச் செய்தனர். 18-ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பப்ரிசியுஸ் அப்பணியைச் சிறப்புற நிறைவேற்றினார். 'பாமாலை' என்று இன்று தமிழ்ச் சபைகளில் வழங்கும் பாட்டுகளுள் பல இம்மரபில் வந்தவை. அம்மெட்டுகள் கம்பீரமானவை. ஆயினும் ஏற்றம் இறைப்பவனும் நாற்று நடுபவளும் தம் வேலையினூடே அவற்றை முணுமுணுத்தல் எளிதன்று.

அக்குறையை நீக்க வந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த அவரை மறைபணியாளர் சுவார்ட்ஸ் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜி அவருடன் பயின்றவர். சாஸ்திரியார் குறவஞ்சி, நாடகம், மாலை, கீர்த்தனை என மக்கள் நன்கறிந்த வடிவங்களில் எல்லாம் கிறிஸ்தவ பக்தியை ஊற்றினார். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' 1800-இல் தோன்றியது. 'ஞான ஏற்றப்பாட்டு' என்னும் பெயரே, ஜெபம் ஆலயத்தினின்றும் வயல்வரப்புக்கு இறங்கி வந்ததைக் காட்டும். ஊர்தோறும் சென்று பாடியும் விரித்துரைத்தும் வந்த அவரைக் கேட்டோர், வீடு திரும்பும்போது ஒரு பல்லவியையேனும் நாவில் ஏந்திச் சென்றனர். தனித்திருக்கும் வேளையில் அப்பல்லவியே அவர்தம் ஜெபமாயிற்று.

இங்கே வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் மறையாமல் எழுதுதல் நம் கடமை. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மறைபணியாளர்கள் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முற்பட்டனர். தமிழ் இசையையும் விழாக்கால மலர் அலங்காரத்தையும் அவர்கள் விரும்பவில்லை. அதனோடு, ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதையும், திருவிருந்தில் சாதி முறையை நோக்குவதையும் ஒழிக்க வேண்டுமென்றனர். சாஸ்திரியார் இவையனைத்தையும் ஒருங்கே எதிர்த்தார். 1829 அளவில் தம் பணியை இழந்தார். இசையைக் காத்ததற்காக அவரைப் போற்றுகின்றோம். சாதிப் பிரிவையும் அதே மூச்சில் காக்க முயன்றதை நாம் ஏற்பதற்கில்லை. எதிர்ப்பக்கத்தாரும் அவ்வாறே: சமத்துவம் நாடியதில் நேர்மை கண்டனர், மக்களின் இசையை வெறுத்ததில் தவறினர்.

1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே நீங்க வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். 'எங்கள்' என்னும் சொல்லை நாள்தோறும் ஓதியவர்கள், அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற வினா எழுந்தவுடன் பின்வாங்கினர். கூடி ஜெபித்தல் என்பது ஒரே கூரையின் கீழ் நிற்பது மட்டுமாகாது. ஒரே பாயில் அமரவும், ஒரே கிண்ணத்தில் பருகவும் மனம் இசைதல் வேண்டும். இந்த இசைவு இன்றும் எங்கும் முழுமையாகக் கைகூடிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இசை வழக்கில் மட்டும் வெற்றி விரைந்து வந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துப் பொது வழிபாட்டிற்கென அச்சிட்டார். அவற்றுள் பெரும்பகுதி சாஸ்திரியார் இயற்றியவை. அதன்பின் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆலயத்தில் அடுத்தடுத்து ஒலிக்கலாயின. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை அளித்தார். அதனிடையே அவர் தேவாரம் என்ற பெயராலேயே பதித்துள்ள பாடல்கள், தனித்திருந்து உருகி ஓதுதற்குரியன.

நெல்லைச் சீமையின் மாலை மணி

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன. அங்கே பனையேறிகளும் உழவரும் கல்லாதவராயிருந்தும் ஜெப வாழ்வில் தேர்ந்த விதம் எண்ணத்தக்கது. வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில் ஆலய மணி ஒலிக்கும். உபதேசியார் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து விளக்குவார், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவே. நாள்தோறும் கேட்ட சொற்கள் நினைவில் தங்க, எழுத்தறியாத பாட்டிமாரும் வீட்டில் பேரப்பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தித் தாமே ஜெபம் ஏறெடுத்தனர். விளைச்சற் காலத்து ஸ்தோத்திரப் பண்டிகையும், ஊரார் அனைவரும் ஒரு பந்தியில் உண்ணும் அசனமும், மார்கழிக் குளிரில் தெருவலம் வரும் பஜனையும் அத்தொடர்ச்சியின் கிளைகளே.

இம்மக்களின் ஜெபம் சொல்லோடு நின்றுவிடவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாக்கினர். எடுத்து வைக்குந்தோறும் யாருக்காக அது போகின்றது என்ற நினைவும் உடன் எழும், அந்நினைவே வேண்டுதலாகும். இத்தகைய காணிக்கைகளின் வலிமையில் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அசரியாவின் வாழ்வு நம்மனோர்க்கு மிக அணுக்கமானது. அவரும் நம்மைப்போலத் தமிழகம் விட்டுப் பிற மொழி வழங்கும் நிலத்தில் குடியேறியவர். நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்று, எளிய மக்களிடையே பணி செய்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாம் கொண்டுபோன தமிழ்ப் பாடல்களை அம்மக்கள்மேல் சுமத்தாது, அவர்தம் தெலுங்குப் பாட்டும் கூத்துமே வழிபாட்டில் இடம்பெற ஊக்கினார். 1939-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்தியக் கட்டடக்கலையின் சாயல்கள் கலந்து விளங்குகின்றன. தன் மொழியில் ஆழ்ந்து ஜெபிக்கத் தெரிந்தவனே பிறன் மொழியின் ஜெபத்தை மதிப்பான் என்பதற்கு அசரியா சான்று.

மராத்தி நாட்டிலும் இதற்கிணையான ஒருவர் இருந்தார். 1895-இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞர் நாராயண வாமன திலகர், துக்காராம் முதலிய அடியார் பாடிய அபங்க யாப்பிலேயே கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றினார். 1917-இல் சாதாராவில் 'தேவாச்சா தர்பார்' என்ற பக்தர் குழுவைத் தொடங்கினார். திருமுழுக்குப் பெற்றவரும் பெறாதவரும் அதில் சேர இடமிருந்தது.

ஆசிரமங்கள்

20-ஆம் நூற்றாண்டில், தனிமையும் கூட்டமும் ஒருங்கே அமைந்த புதிய வாழ்க்கை முறைகளை நாடினர் சிலர். 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதை நிறுவியவர் இருவரும் மருத்துவர்: ஒருவர் தமிழரான ஜேசுதாசன், மற்றவர் ஸ்காட்லாந்தியரான பாரஸ்டர் பேட்டன். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றழைத்தனர். ஆள்வோர் இனத்தவனும் ஆளப்படுவோர் இனத்தவனும் கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, உடன்பிறந்தாராய் வாழ்ந்த காலம் அது. கதர் உடுத்திய சின்னண்ணன் 1932-இல் சென்னைத் தெருவில் போலீசாரின் தடியடிக்கும் உள்ளானார். தென்னாட்டுக் கோயிற் சிற்ப முறையில் எழுந்த அவர்களது ஜெப ஆலயமும், ஏழைகளுக்கான மருத்துவமனையும் அருகருகே இருந்தன. காலையில் மௌனமாய் அமர்ந்தவர்கள் பகலில் புண் கழுவினர். பசிலியார் எழுப்பிய வினாவிற்குத் திருப்பத்தூரில் விடை கிடைத்தது எனலாம்.

1950-இல் குளித்தலைக்கு அருகே, காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் பிரெஞ்சுத் துறவியரான மொன்சானினும் லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் 1968 முதல் பீட் கிரிபித்ஸ் அடிகள் 1993-இல் மறையும்வரை தலைமை தாங்கினார். ஆழ்ந்த மௌன தியானமே அங்குச் சிறந்தது; கூட்டு வழிபாட்டில் பிற சமயத் திருநூற் பகுதிகளும் வாசிக்கப்பட்டன. அம்முறை வடமொழி மரபையே பெரிதும் சார்ந்தது, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரின் வாழ்வைப் போதிய அளவு ஏற்கவில்லை என்ற குறையும் கூறப்பட்டது. அதனையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கிடையில் இரு பெரு நிகழ்ச்சிகள் நடந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தனித்தனியே ஜெபித்து வந்த பல சபையார் ஒரே திருச்சபையின் கீழ் வந்தனர். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சட்டம், திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. அதுவரை பூசையில் இலத்தீனைக் கேட்டுக்கொண்டே செபமாலை உருட்டிய கத்தோலிக்கத் தமிழர், அதன்பின் பூசை முழுவதையும் தம் சொந்த மொழியில் கேட்டு மறுமொழி கூறலாயினர். அண்டிரிக் அடிகளார் வீட்டு ஜெபத்தில் தொடங்கியது, பலிபீடத்தை எட்ட ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, ஒழுங்கு. சவேரியாரின் மணியும் நெல்லை ஊர்களின் மாலை மணியும் உணர்த்துவது இதுவே. உள்ளம் கனிந்தபோது ஜெபிப்போம் என்றிருந்தவர் ஜெபித்ததில்லை. நேரமும் இடமும் குறித்து, சில நிமிடமேனும் தவறாது அமர்ந்தோரே ஆழம் கண்டனர். இரண்டு அறை வீட்டில் வாழும் நமக்குக் கதவடைத்த அறை கிட்டுவது அரிது. பிறர் எழுமுன் விழித்த அரைமணியோ, அலுவலகம் செல்லும் ரயிலில் கண்மூடிய சிறுபொழுதோ அவ்வறையாகலாம்.

இரண்டாவது, மொழி. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இவ்வூர் மொழியும் பேசுகின்றனர். வீட்டு ஜெபமும் ஆங்கிலமானால் அவர்களுக்குத் தமிழ் எங்கே வாய்க்கும்? கீர்த்தனை ஒன்றைப் பாட்டியோடு சேர்ந்து பாடும் குழந்தை, இலக்கணப் புத்தகம் தராத தமிழைப் பெறுகின்றது. அதே வேளையில் சொல்லின் பொருளை விளக்காது ஒப்புவிக்கச் செய்தலும் தவறு. 'நம்புகிறேன்' என்பதற்கு 'வேண்டும்' என்று ஓதிய பழைய பிழை நம் வீட்டிலும் நிகழும். பொருள் புரியாத இடத்தில் பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லட்டும். பெரியோர் பொறுமையோடு கேட்கட்டும்.

மூன்றாவது, பந்தி. காலனியில் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக் கூட்டங்களில் யார் வீட்டில் கூடுகின்றோம், யார் வீட்டில் கூடுவதில்லை, யார் கையால் காபி வாங்கிப் பருகுகின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஊரில் விட்டு வந்ததாக நாம் எண்ணும் பிரிவினைகள் ரயிலேறி நம்மோடு வந்திருக்கவும் கூடும். 1833-இல் தஞ்சையிலும் வேப்பேரியிலும் சறுக்கிய இடம் அதுவே.

பிற சமயத்தைச் சேர்ந்த நம் அன்பர்களுக்கும் இவை பொருந்தும். திருமுறை ஓதும் இல்லத்திலும், திருப்பாவை பாடும் இல்லத்திலும், ஐந்து வேளை தொழும் இல்லத்திலும் ஒழுங்கும் மொழியும் பந்தியும் வேண்டுவனவே. இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் தத்தம் மரபின்படி, இன்று மாலை விளக்கேற்றும் வேளையில் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்திப் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழில் ஒரு பாட்டும் ஒரு வேண்டுதலும் சொல்லத் தொடங்குவார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.